கெட்டது ஓரிடம், கெடுத்தது வேறிடம்

டீசல் கார் வைத்திருக்கும் குடும்பங்களைக் கலங்கச் செய்யும் பழுதுகளுள் ஒன்று, டர்போ கெட்டுப்போதல். பெருந்தொகை செலவிட்டுப் புதியதொன்றைப் பொருத்துகிறோம். சில வாரங்களில் அதுவும் கெடுகிறது. போலிப் பொருளைக் கொடுத்து ஏமாற்றிவிட்டார் என்று கடைக்காரரைக் கடிந்துகொண்டு மூன்றாவதை வாங்குகிறோம். அதற்கும் அதே கதி நேருகிறது. இப்பழுது ஏன் மீண்டும் மீண்டும் வருகிறது என்பதை இத்திங்கள் ஆராய்வோம்.

என்ஜினிலிருந்து வெளியேறும் சூடான புகையை வீணாக்காமல், அதன் விசையால் ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனையிலுள்ள சக்கரத்தால் காற்றை அழுத்தி என்ஜினுக்குள் செலுத்தும் கருவியே டர்போ. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்பிரெட் பூகி 1905-ஆம் ஆண்டிலேயே இக்கருத்துக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய கார்களில் அத்தண்டு நிமிடத்திற்கு ஒன்றரை லட்சம் சுற்றுகளுக்கு மேலும் சுழல்கிறது. இவ்வளவு வேகத்தில் அதனைத் தாங்கி நிற்பது மெல்லிய எண்ணெய்ப் படலமே. தண்டின் சூட்டைத் தணிப்பதும் அவ்வெண்ணெயே. சில நொடிகள் எண்ணெய் வராது நின்றால் உலோகத்தோடு உலோகம் உரசும், கருவி அழியும். ஆதலின் டர்போ தானாகக் கெடுவது அரிது. பெரும்பாலும் வேறொன்றே அதனைக் கெடுக்கிறது.

இதற்கு ஐரோப்பாவில் நன்கு அறியப்பட்ட சான்று ஒன்றுண்டு. பெஜோ, சித்ரோயன் நிறுவனமும் ஃபோர்டு நிறுவனமும் கூட்டாக உருவாக்கிய 1.6 லிட்டர் டீசல் என்ஜின் பெஜோ 307, சித்ரோயன் சி4, ஃபோர்டு ஃபோகஸ், வால்வோ வி50 முதலிய பல கார்களில் இடம்பெற்றது. அவற்றுள் பலவற்றில் டர்போ கெட்டது. மாற்றிய பின்னும் கெட்டது. மூலத்தைத் தேடிய மெக்கானிக்குகள் கண்டது, இன்ஜெக்டரின் அடியிலுள்ள சிறு செப்பு வாஷரை! அது சரியாக அடைக்காதபோது, எரிந்த வாயுவும் கரியும் கசிந்து எண்ணெயில் கலந்தன. எண்ணெய் கெட்டியாகி, கரித்துகள்கள் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியின் உறிஞ்சு சல்லடையில் படிந்தன. டர்போவுக்கு எண்ணெய் செல்லும் குழாயின் போல்ட்டில் இருந்த நுண்ணிய வலையும் அடைபட்டது. நீண்ட இடைவெளி விட்டு எண்ணெய் மாற்றியோரின் கார்களில் இத்தீங்கு மேலும் விரைந்தது. குற்றம் ஒரு சிறு வாஷரில், தண்டனையோ டர்போவுக்கு. அவ்வாஷரையும் கரியையும் அப்படியே விட்டுவிட்டுப் புதிய டர்போ பொருத்தினால் அதுவும் மடியாமல் என்ன செய்யும்?

கழற்றிய டர்போவே தன் கதையைச் சொல்லும் என்பதையும் நாம் அறிதல் நன்று. தண்டு நீலம் பாய்ந்து கருகியிருந்தால் எண்ணெய் போதிய அளவு வரவில்லை எனலாம். பேரிங்கில் கோடு கோடாகக் கீறல்கள் இருந்தால் எண்ணெயில் அழுக்கு இருந்தது எனலாம். காற்றை அழுத்தும் சக்கரத்தின் இதழ்கள் சிதைந்திருந்தால் வெளிப்பொருள் ஏதோ உட்புகுந்துள்ளது. காற்று வடிகட்டியையும் குழாய்களையும் சோதிக்கவேண்டும். தேய்மானம் ஏதுமின்றி எண்ணெய் மட்டும் ஒழுகியிருந்தால், எண்ணெய் திரும்பிச் செல்லும் குழாயோ, என்ஜினின் உள்வாயு வெளியேறும் வழியோ அடைபட்டிருக்கக்கூடும். ஆகவே பழைய டர்போவைப் பாராமல் எறிந்துவிடுதல் தகாது.

புதியதைப் பொருத்துமுன் செய்யவேண்டியவை சில உள. இன்ஜெக்டர் வாஷர்களைச் சோதித்து, கசிந்தவற்றை மாற்றவேண்டும். எண்ணெய்த் தொட்டியைக் கழற்றிச் சல்லடையைத் துப்புரவு செய்யவேண்டும். எண்ணெய் வரும் குழாயையும் அதன் போல்ட்டையும் புதிதாகவே போடவேண்டும். பழைய டர்போ சிந்திய எண்ணெயும் உலோகத் துணுக்குகளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரில் தங்கியிருக்குமாதலால் அதனையும் கழுவவேண்டும். தயாரிப்பாளர் குறித்த தரமுள்ள எண்ணெயும் புதிய வடிகட்டியும் இட்டு, டர்போவின் வாயில் சிறிது எண்ணெய் ஊற்றிய பின்னரே என்ஜினை இயக்கவேண்டும். டர்போவிலிருந்து திரும்பும் எண்ணெயை ஒரு பாத்திரத்தில் பிடித்து அளந்து பார்ப்பதும் வழக்கம். மேற்கூறிய என்ஜினில், ஓடாது நிற்கும் வேகத்தில், ஒரு நிமிடத்திற்குக் குறைந்தது 0.3 லிட்டர் வரவேண்டும் என்பது கணக்கு. வராவிடில் அடைப்பு இன்னும் உள்ளது என்றே பொருள்.

இது பணத்தைப் பற்றிய செய்தி மட்டுமன்று. டர்போவிலிருந்து ஒழுகும் எண்ணெய் காற்றுடன் கலந்து உட்சென்றால், டீசல் என்ஜின் அவ்வெண்ணெயையே எரித்துத் தறிகெட்டு ஓடும். சாவியைத் திருப்பினாலும் நில்லாது. குடும்பத்தோடு செல்லும் வண்டியில் இது நேரலாகாது. ஆதலின் ஊளையிடும் ஒலி, நீலப் புகை, திடீரென விசை குன்றுதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் உடனே வண்டியை நிறுத்திப் பட்டறைக்கு எடுத்துச் செல்லுங்கள். ஊர் போய்ச் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணாதீர்கள்.

இறுதியாக ஒன்று கூறுவோம். "டர்போவை மட்டும் மாற்றினால் போதும்" என்பவரின் கணக்குச் சீட்டு சிறியதாகவும், "தொட்டியைக் கழற்றவேண்டும், குழாயை மாற்றவேண்டும், இன்னும் ஒரு நாள் வேண்டும்" என்பவரின் சீட்டு பெரியதாகவும் இருக்கும். பின்னவரையே நாம் ஐயுறுகிறோம். உண்மையில் நம் பணத்தைக் காப்பவர் அவரே. எனவே பட்டறையில், "எவ்வளவு ஆகும்?" என்று கேட்குமுன், "இது ஏன் கெட்டது?" என்று கேளுங்கள். அதற்கு விடை கிடைக்கும் வரையில் புதிய டர்போ வாங்காதீர்கள்.