போண்டா பள்ளிவாசலும் பழைய கோவாக் கோபுரமும்

விடுமுறை நாளை உறங்கிக் கழிப்பதில்லை என்று உறுதிபூண்டு, சென்ற மாதம் ஒரு ஞாயிறன்று வாஸ்கோவிலிருந்து குடும்பத்துடன் பேருந்து ஏறினோம். ரயில்வே குமாஸ்தாவுக்குப் பேருந்தா என்று அன்பர்கள் நகைக்க வேண்டா. நாம் சென்ற போண்டா நகருக்கு இருப்புப்பாதை இல்லை. ஊர்ப் பெயரைக் கேட்டதும் இளைய மகன் பலகாரம் என்றெண்ணி நாவூறி வந்தான்.

அங்குள்ள ஸஃபா பள்ளிவாசல் 1560ஆம் ஆண்டில், பீஜப்பூர் ஆதில்ஷாஹி ஆட்சியில் எழுந்தது. உயர்ந்த மேடை, அதன்மேல் ஒரே தொழுகைக் கூடம், ஓட்டுக்கூரை. தூரத்திலிருந்து நோக்கின் நம் ஊர்ச் சத்திரமோ என மயங்குவோம். அழகெல்லாம் பக்கத்துக் குளத்தில் இருக்கிறது. செம்புரைக்கல் படிகள் நீர்வரை இறங்க, சுற்றுச்சுவரில் வளைவு மாடங்கள் அமைந்துள்ளன. மிதியடிகளைக் களைந்து மேடையில் சிறிது நேரம் அமர்ந்தோம்.

அக்காலத்தில் ஆற்றுக்கு அப்பால் போர்த்துகீசியர் கோயில்களை இடித்து வந்தனர். மங்கேசர் முதலிய தெய்வங்களை அடியார்கள் இப்பக்கம் கொணர்ந்து குடியேற்றினர். அடைக்கலமாக அமைந்த மண் முஸ்லிம் அரசரின் ஆட்சி எல்லைக்குட்பட்டது என்று பிள்ளைகளுக்கு எடுத்துரைத்தோம். சரித்திரம் அறிந்தவர் என்ற பெருமிதம் அதுவரை நம்மிடம் இருந்தது.

பிற்பகல் பழைய கோவாவுக்குப் போனோம். குன்றின்மேல் புனித அகுஸ்தீன் மாதாகோயிலின் கோபுரம் 46 மீட்டர் உயரத்தில் ஒற்றையாய் நிற்கிறது. 1602இல் கட்டி முடித்த பேராலயத்தில் எஞ்சியது அதுவும் அடிச்சுவர்களுமே.

“பகைவர் பீரங்கியால் தகர்த்தனர்” என்றோம்.

“எந்தப் பகைவர், அப்பா?” என்றாள் மகள்.

மராட்டியர் என்றோம், பிறகு ஆங்கிலேயராகவும் இருக்கலாம் என்றோம். அவள் தொல்பொருள் துறையின் பலகையை நோக்கி நடந்தாள். நாமும் பின்சென்று படித்தோம். பகைவர் எவருமிலர்! 1834இல் போர்த்துகல் அரசே துறவியர் சபைகளைக் கலைத்தது; மறு ஆண்டு இவ்வாலயம் கைவிடப்பட்டது. பேணுவாரின்றி 1842இல் மேல்வளைவு சரிந்தது. 1931இல் முகப்பும் கோபுரத்தின் ஒரு பகுதியும் வீழ்ந்தன. கோவா மழைக்குப் பீரங்கி எதற்கு?

சென்ற ஆண்டுச் சங்கச் சுற்றுலாவில் இதே பீரங்கிக் கதையை ஒரு பேருந்து நிறைய அன்பர்களுக்கு நாம் சொல்லியிருக்கிறோம். ஒருவரும் மறுக்கவில்லை. அதை இப்பகுதியின் வாயிலாகத் திரும்பப் பெறுகிறோம். கேட்டவர்கள் தம் பிள்ளைகளிடம் சொல்லியிருப்பின் அவர்களும் திருத்திக்கொள்ளக் கோருகிறோம்.

இடிபாட்டினுள்ளும் ஒரு செய்தி உண்டு. ஜார்ஜியா நாட்டு அரசி கெட்டவான் 1624இல் பாரசீகத்தில் மதம் மாற மறுத்து உயிர்நீத்தார். அவருடைய எலும்புகளை அகுஸ்தீன் துறவியர் இங்குக் கொணர்ந்தனர். அகழ்வில் கிடைத்த எலும்பு அவருடையதே என்பதற்கு ஹைதராபாத் ஆய்வாளர் மரபணுச் சோதனையால் சான்று தந்தனர். 2021இல் அதன் ஒரு பகுதி அவர் தாய்நாட்டுக்கு வழங்கப்பட்டது. இதைச் சொல்லுமுன் பலமுறை சரிபார்த்தோம், மகள் அருகிலிருக்கிறாள்.

கோபுரத்து மணி 1871 முதல் பணஜி மாதாகோயிலில் தொங்குகிறது. திரும்பும் வழியில் அதன் படிகளேறி அண்ணாந்து பார்த்தோம். இளையவனுக்கு வேண்டிய போண்டாவை இரவு இல்லத்தாள் சுட்டுத் தந்தாள்.