மாங்கொட்டையும் மின்சாரத் தாளும்

தாவர நாரோடு நுண்ணிய கரிப்பொருளைச் சேர்த்து, மின்சாரம் ஓடக்கூடிய மெல்லிய தாள் செய்யலாமென்பது ஆராய்ச்சிச்சாலைகளில் ஐயமற நிரூபிக்கப்பட்டிருக்கிறது. ஓசூரைச் சூழ்ந்து மின்சார வாகனத் தொழிலும் மின்னணுத் தொழிலும் பெருகிவரும் இக்காலத்தில், இச்செய்தியைக் கேட்கும் கெலவரப்பள்ளி ஆயக்கட்டுக் குடியானவர், வாழைமட்டைக்கும் மாங்கொட்டைக்கும் இனிப் பொன்விலை கிடைக்குமென்று எண்ணுவது இயல்பே. அவ்வெண்ணத்தில் உண்மை சிறிது உண்டு. மயக்கம் அதனினும் அதிகம்.

நார் தானாக மின்சாரத்தைக் கடத்துவதில்லை. எடிசன் 1880-ம் வருஷத்தில் மின்விளக்குக்கு மூங்கில் நாரைப் பயன்படுத்தியபோது அதை முழுவதும் கரியாக்கியே பயன்படுத்தினார். இப்போதைய முறை வேறு. இதில் நார் நாராகவே நிற்கிறது. அதன் மேல் கரி படிந்து வழிவிடுகிறது. அக்கரியும் அடுப்புக்கரியன்று. 1991-ல் ஜப்பானிய விஞ்ஞானி ஸுமியோ ஈஜிமா விளக்கிக் காட்டிய கார்பன் நுண்குழல்களும், 2004-ல் இங்கிலாந்தில் பென்சில் கரியாகிய கிராபைட்டிலிருந்து ஓரணுக் கனத்தில் உரித்தெடுக்கப்பட்ட கிராபீன் ஏடுமே இதற்கு உதவுபவை. நுண்குழலின் குறுக்களவு நானோமீட்டர் கணக்கில் அடங்கும். மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர்.

தாள் செய்யும் வகையைச் சுருக்கமாய்ச் சொல்லலாம். நாரைக் காரநீரில் வேகவைத்தால் அதன் பிசினும் மரப்பசையும் கரைந்து நீங்கும். பின்பு வெளுத்து, மிகுந்த அழுத்தமுள்ள இயந்திரத்தில் செலுத்தினால், ஸெல்லுலோஸ் இழைகள் பிரிந்து நீர்த்த கஞ்சியைப்போல் ஆகும். அக்கஞ்சியில் நூற்றில் ஒரு பங்கு திடப்பொருள் இருந்தாலே குழகுழப்பாய் நிற்கும். நுண்குழல்களை வெறும் தண்ணீரில் போட்டால் கொத்துக்கொத்தாய் ஒட்டிக்கொண்டு அடியில் தங்கிவிடும். அவற்றைப் பிரித்து வைக்கச் சவர்க்காரம் போன்ற பொருள் வேண்டியிருந்தது. ஸெல்லுலோஸ் கஞ்சியோ, சவர்க்காரமின்றியே அவற்றைப் பிரித்துத் தாங்கி நிற்கிறது. இதைக் கொண்டு ஜப்பானிய ஆராய்ச்சியாளர் 2013-ல் ஒளி ஊடுருவும் மின்கடத்தித் தாளையே செய்து காட்டினர். கலந்த கஞ்சியை வடிகட்டி உலர்த்தினால் தாள் கிடைக்கும்.

கரி எவ்வளவு சேர்க்கவேண்டுமென்பதற்கு முள்வேலியே தக்க உவமை. நான்கு முள் இங்கும் நான்கு முள் அங்குமாய்ப் போட்டால் அது வேலியாகாது. ஓரளவுக்கு மேல் போட்டதும் முள்ளோடு முள் பின்னி முழுவதும் ஒன்றாகிவிடும். அவ்வாறே நுண்குழல்கள் ஒன்றையொன்று தொடும் அளவு வந்தவுடன் மின்சாரம் ஓடத் தொடங்கும். அதற்குச் சிறு வீதமே போதுமானது. இத்தாள் சூடேற்றும் விரிப்பாகவும், மின்காந்த அலையைத் தடுக்கும் திரையாகவும், மின்தேக்கியின் தகடாகவும் உதவும். ஈரம் பட்டால் ஸெல்லுலோஸ் உப்பி, மின்தடை மாறிவிடும். அதனால் நனையும் இடத்துக்கு இத்தாள் ஆகாது. அக்குறையையே குணமாக்கி, ஈரப்பதத்தை அளக்கும் கருவியாக இதனைப் பயன்படுத்துவோரும் உளர்.

இனிக் குடியானவருக்கு இதனால் வருவது என்ன? கணக்குப் பார்த்தால் கண் திறக்கும். ஓர் ஏக்கரில் சுமார் 1,000 வாழை. குலை வெட்டியபின் மரமொன்று சுமார் 30 கிலோ. ஆகப் பச்சை எடை 30,000 கிலோ. இதில் பெரும்பகுதி நீரே. நாராய்க் கிடைப்பது நூற்றுக்கு ஒன்று என வைத்தால் 300 கிலோ. அதிலிருந்து சுத்தமான ஸெல்லுலோஸ், சேதாரம் போக, சுமார் 160 கிலோ. சதுர மீட்டருக்கு 20 கிராம் கனமுள்ள தாள் செய்தால் இது 8,000 சதுர மீட்டருக்கு, அதாவது ஏறக்குறைய இரண்டு ஏக்கர் பரப்பை மூடுவதற்குப் போதும். ஒரு கருவிக்கு வேண்டியதோ உள்ளங்கையளவு. ஆகவே ஒரு சில கிராமங்களின் கழிவே ஓர் ஆலைக்கு மிஞ்சிவிடும். மிஞ்சும் பொருளுக்கு விலை ஏறுவது உலக வழக்கமன்று. இதை நம்பி வாழைப் பரப்பை விஸ்தரிப்பதோ, கத்தாழையைப் புதிதாய் நடுவதோ பேதைமை.

கேழ்வரகுத் தாளிலும் ஸெல்லுலோஸ் உண்டென்பது மெய்தான். ஆனால் 1824-ல் ஏற்பட்ட கால்நடைப் பண்ணையால் பெயர்பெற்ற ஓசூர்ச் சீமையில், கோடையில் மாட்டுக்குத் தாள் இல்லாமற் போவதைவிடப் பெரிய நஷ்டம் வேறில்லை. தீவனத்துக்கு ஆகும் எதையும் இத்தொழிலுக்குக் கொடுத்தல் தகாது. வாழைமரத்தை விற்பவரும் ஒன்றைக் கணக்கில் கொள்ளவேண்டும்: அதில் பொட்டாஷ் சத்து மிகுதி. நாரை மட்டும் எடுத்துக்கொண்டு சக்கையையும் சாற்றையும் நிலத்துக்கே திருப்பினால் இழப்பு சொற்பம். மரத்தை அப்படியே வண்டியில் ஏற்றினால் எருவை விற்றதற்குச் சமானம்.

இம்மாவட்டத்துக்கு உண்மையில் பொருத்தமான கச்சாப்பொருள் மாங்கொட்டையின் ஓடே. பிரேஸில் தேசத்து ஆராய்ச்சியாளர் 2013-ல் மாங்கொட்டையிலிருந்து ஸெல்லுலோஸ் நுண்படிகம் எடுத்துக் காட்டியுள்ளனர். கிருஷ்ணகிரியின் மாங்கூழ் ஆலைகளில் பெங்களூரா மாம்பழக் கொட்டை பருவந்தோறும் மலையாய்க் குவிகிறது. பழத்தை நிறுத்து வாங்கும்போதே கொட்டைக்கும் சேர்த்துப் பணம் கொடுத்தாயிற்றென்று ஆலையார் சொல்லக்கூடும். அதில் நியாயமில்லாமல் இல்லை. ஆயினும் பழத்தின் விலை கூழைக் கருதியே பேசப்படுகிறது. 2025-ம் வருஷத்துப் பருவத்தில் பெங்களூரா விலை எவ்வளவு சரிந்ததென்பதைத் தோட்டக்காரருக்குச் சொல்லவேண்டியதில்லை. ஓட்டுக்கு நாளை ஒரு விலை ஏற்படுமாயின் அதில் தோட்டக்காரருக்குப் பங்கு உண்டென்று ஒப்பந்தத்தில் இப்போதே எழுதிக்கொள்வது நலம். விலை ஏற்பட்டபின் கேட்டால் கிடைப்பது அரிது.

பங்கு என்பது பச்சைக் கழிவை விற்பதில் அடங்காது. நாராய், கூழாய் மாற்றி விற்கும் படியில்தான் ஆதாயம் இருக்கிறது. உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் அப்படியை மேற்கொள்ளலாம். பருத்தித் தொழில்நுட்பத்துக்காக 1924-ல் மும்பையில் ஏற்பட்ட மத்திய ஆராய்ச்சி நிலையத்தில் நுண்ஸெல்லுலோஸ் முன்னோடி ஆலை ஒன்று உள்ளது; கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் நானோ அறிவியலுக்கெனத் துறை உள்ளது. முதல் போடுமுன் அவ்விடங்களில் மாதிரியைச் சோதித்துக்கொள்ளவேண்டும். கரிப்பொருள் சேர்க்கும் படியை மட்டும் கிராமத்தில் ஒருபோதும் செய்தலாகாது. நுண்குழல் தூள் மூச்சில் கலந்தால் நுரையீரலில் தங்கும். அதில் ஒரு வகையைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியதென்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2014-ல் வகைப்படுத்தியுள்ளது.

எல்லாவற்றிலும் கவனிக்கத்தக்கது நாரை வேகவைத்த காரநீர். கறுத்துக் கொழகொழத்த அந்நீர் எங்கே போகும்? தென்பெண்ணையாற்றுக்கு மேலே பெங்களூரிலிருந்து வரும் கழிவு போதாதென்று மற்றொன்றையும் சேர்ப்பதா? கெலவரப்பள்ளி மதகைத் திறந்தால் வெண்ணுரை மலைபோல் எழுந்து வயலிலும் பாதையிலும் படிவதைப் பல வருஷங்களாகக் கண்டவர்கள் இங்குள்ளவர்கள். சவர்க்காரம் வேண்டாத தொழிலென்று மெச்சி இதை வரவேற்று, ஸோடாக் காரத்தைக் கால்வாயில் விட்டால், நுரை இல்லாத விஷம் ஒன்று கிடைத்ததே லாபமாகும். ஸோடியம் ஏறிய நிலம் களர்பட்டு இறுகிவிடும். அதை மீட்க ஜிப்ஸமும் நல்ல தண்ணீரும் வேண்டும், நல்ல தண்ணீரோ ஆற்றில் இல்லை.

ஸோடாவுக்குப் பதிலாகப் பொட்டாஷ் காரத்தைக் கொண்டும் நாரை வேகவைக்கலாம். செலவு கூடும். ஆனால் அக்கழிவுநீரின் காரத்தைத் தணித்து, நீர் விளாவி, மண் பரிசோதனைப்படி அளவாய்ப் பாய்ச்சினால் பொட்டாஷ் நிலத்துக்கே திரும்பும். கூழ் எடுக்கும் பட்டறைக்கு அனுமதி கேட்டு எவரேனும் வந்தால், கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சித் தலைவரும் எத்தனை பேருக்கு வேலை என்று கேட்பதற்கு முன், எந்தக் காரம், நாளொன்றுக்கு எத்தனை லிட்டர், அது எந்த சர்வே நம்பரில் விடப்படும் என்ற மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளவேண்டும். 1974-ம் வருஷத்து நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின்கீழ் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவும் கையில் இருக்கவேண்டும். இவை இல்லாத மனுவை வந்த வழியே திருப்புவதில் தாட்சணியம் பார்க்கலாகாது.