மாணவர் ஆய்வு வெறும் சடங்கா?

"உதெல்லாம் பாஸ் பண்ணுறதுக்குத்தானே தம்பி?" வினாக்கொத்தோடு வன்னியில் ஒரு படலையைத் திறக்கும் பல்கலைக்கழக மாணவருக்குக் கிடைக்கும் வழக்கமான வரவேற்பு இது. வீட்டுக்காரரைக் குறை சொல்ல முடியாது. அவர் முற்றத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து கேள்வி கேட்டுப் போனவர்கள் திரும்பி வந்து விடையைச் சொன்னதில்லை. ஆனால் அலுவலகங்களில் இருப்பவர்களும் விரிவுரையாளர்களும் மாணவர்களும்கூட அதே வாசகத்தைச் சொல்லும்போதுதான் கோபம் வருகிறது. மாணவர் ஆய்வு புள்ளிக்கான சடங்கு. நோய்த் தடுப்புக்கு வேண்டிய அறிவு கொழும்பிலிருந்தோ ஜெனீவாவிலிருந்தோ வரும். நாம் அதைத் துண்டுப்பிரசுரமாக அடித்து விநியோகித்தால் போதும். படித்தவர்களிடையே ஊறிப்போன நம்பிக்கை இது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களைப் பொறுத்தவரை இது ஆபத்தான பொய்.

டெங்கு நுளம்பையே எடுத்துக்கொள்வோம். அது தெளிந்த நன்னீரில்தான் முட்டையிடும் என்று பாடப்புத்தகம் சொன்னது, சுவரொட்டியும் சொன்னது. ரஞ்சன் ராமசாமி, எஸ். என். சுரேந்திரன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் கரையோர ஊர்களுக்குள் இறங்கித் தேடினார்கள். எறிந்த போத்தல்களிலும், கைவிட்ட வள்ளங்களிலும், பாவிக்காத கிணறுகளிலும் தேங்கிய உவர்நீரில் டெங்கு நுளம்பின் குடம்பிகள் வளர்வதைக் கண்டார்கள். 2011இல் அந்தக் கட்டுரை சர்வதேச ஆய்விதழில் வெளிவந்தது. உவர்நீரைக் கவனிக்காத கட்டுப்பாட்டுத் திட்டங்களில் ஓட்டை இருக்கிறது என்பதை உலகுக்குச் சொன்னது நமது கரையோரம். இத்தகைய ஆய்வுகளின் களவேலை எங்கும் பெரும்பாலும் மாணவர்களின் கால்களால்தான் நடக்கிறது. கொக்கிளாய் முதல் மாத்தளன் வரை நீளும் முல்லைத்தீவுக் கரையில் எத்தனை பழைய வள்ளங்களில் நீர் தேங்குகிறது என்று எண்ணுவதற்குப் பேராசிரியர் வேண்டியதில்லை. ஓர் அகப்பையும், வெள்ளைத் தட்டும், உப்பளவு காட்டும் சிறு கருவியும், நடக்க மனமுள்ள இரண்டு மாணவர்களும் போதும்.

கிணறுகளின் கதையும் அப்படித்தான். 1934-35இல் மலேரியா இலங்கையில் ஏறத்தாழ 80,000 பேரைக் கொன்றது. 2012 ஒக்டோபருக்குப் பிறகு மூன்று ஆண்டுகளுக்கு மேல் உள்ளூர்த் தொற்று இல்லாததால், 2016 செப்டெம்பரில் ஜெனீவாவின் உலக சுகாதார நிறுவனம் நாட்டை மலேரியா அற்றதென அறிவித்தது. அதே ஆண்டு முடியுமுன் மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டெபென்சி என்ற புதிய நுளம்பு அகப்பட்டது. இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்புவது இதுதான். கிணறும் நீர்த்தாங்கியும் இதற்குத் தொட்டில். போர்க்கால இடப்பெயர்வுக்குப் பின் ஆளில்லாமல் போன வளவுகளில் மூடாத கிணறுகள் வன்னியெங்கும் கிடக்கின்றன. எந்தக் கிணற்றில் குடம்பி இருக்கிறது, எதில் மீன் விட்டிருக்கிறார்கள், எதை மூடலாம் என்பதை ஜெனீவா சொல்லாது.

2024 நவம்பர் இறுதியில் ஃபெங்கல் புயலின் மழை வடக்கை வெள்ளக்காடாக்கியது. டிசம்பரில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் காய்ச்சல் கண்டவர்கள் அடுத்தடுத்து இறந்தபோது 'மர்மக் காய்ச்சல்' என்று பீதி பரவியது. ஆய்வுகூட முடிவு வந்தபின், அது எலிக்காய்ச்சல் என்று தெரிந்தது. 2008இல் ஒரே ஆண்டில் 7,000க்கு மேற்பட்ட எலிக்காய்ச்சல் நோயாளிகளைக் கண்ட நாட்டில் அது எப்படி மர்மமாயிற்று?

அந்தக் கிருமி எலியின் சிறுநீரில் மட்டுமன்றி, மாடு, எருமை, நாய் ஆகியவற்றின் சிறுநீரிலும் வெளியேறும். சேற்றில் நிற்பவரின் காலில் ஒரு கீறல் இருந்தால் உள்ளே புகுந்துவிடும். இரணைமடுவின் கீழும் முத்தையன்கட்டின் கீழும் பெரும்போகம் செய்யும் ஒவ்வொரு கமக்காரரும் அந்தச் சேற்றில்தான் நிற்கிறார். ஆபத்து மிகுந்த இடங்களில் கமக்காரர்களுக்கு வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம் டொக்சிசைக்ளின் கொடுப்பது நமது சுகாதாரத் துறை அறிந்த தடுப்பு முறை. மாத்திரை இலவசம். ஆனால் வாங்கியவர் அதை விழுங்கினாரா? வெறும் வயிற்றில் போட்டுக் குமட்டியதால் இரண்டாம் வாரமே நிறுத்திவிட்டாரா? நாட்கூலிக்கு வந்தவரின் பெயர் பட்டியலில் இருக்கிறதா? வரம்பு கட்டும் காலத்தில் கொடுத்தது அறுவடைக்கும் கிடைக்கிறதா? எந்தப் பெரிய ஆய்வுகூடத்திலும் இவற்றுக்கு விடை இல்லை. வயலோரம் போய் நிற்கும் மாணவருக்குத்தான் கிடைக்கும்.

1990களில் வடமத்திய மாகாணத்தில் கவனத்துக்கு வந்த காரணம் அறியாச் சிறுநீரக நோய் வவுனியாவையும் விடவில்லை. நீரின் கடினத்தன்மை, புளோரைட்டு, விவசாய இரசாயனம், வெயிலில் உடல்நீர் வற்றுதல் எனச் சந்தேகங்கள் பல. ஐயமற நிறுவப்பட்ட காரணம் ஒன்றும் இல்லை. 2015இல் அரசாங்கம் கிளைபோசேட் களைக்கொல்லியைத் தடைசெய்தது; 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தடையைத் தளர்த்தியது. ஊர்களுக்கு ஆர்.ஓ. (சவ்வால் வடித்துச் சுத்திகரித்த) தண்ணீர் வந்தது. 'இனிப் பயமில்லை' என்ற எண்ணமும் கூடவே வந்தது.

மத்திய அமெரிக்காவில் கரும்பு வெட்டுவோரிடையே இதை ஒத்த நோய் தலைதூக்கியபோது, வேலை நேரத்தில் அவர்களுக்கு எவ்வளவு தண்ணீர், எவ்வளவு ஓய்வு, எவ்வளவு நிழல் கிடைக்கிறது என்று அளந்து பார்த்தார்கள். நமது கேள்விகளும் அவ்வளவு எளியவை. நண்பகல் வெயிலில் களை பிடுங்கும் பெண் எத்தனை போத்தல் தண்ணீர் கொண்டு போகிறார்? ஒதுங்க இடமில்லாத வயலில் வேண்டுமென்றே குறைத்துக் குடிக்கிறாரா? வீட்டில் ஆர்.ஓ. தண்ணீர் குடிப்பவர் வயலில் எந்தக் கிணற்றில் அள்ளுகிறார்? சுத்திகரிப்பு இயந்திரத்தின் சவ்வைக் கடைசியாக எப்போது மாற்றினார்கள்?

எதிர்த்தரப்பு சொல்வதில் உண்மை இல்லாமலில்லை. நமது மாணவர் ஆய்வுகளில் சலிப்பூட்டும் குப்பை நிறைய உண்டு. 'டெங்கு பற்றிய அறிவும் மனப்பாங்கும் நடைமுறையும்' என்ற தலைப்பில் ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி எழுதிய ஆய்வேடுகள் வரிசையாக நிற்கின்றன. 'நீர்த்தாங்கியை மூடி வைப்பீர்களா?' என்று கேட்டால் எல்லோரும் 'ஓம்' என்றுதான் சொல்வார்கள். பின்வளவுக்குப் போய் மூடியைத் திறந்து பார்ப்பவர் குறைவு. ஆனால் இந்தத் தலைப்பைக் கொடுத்தது யார்? பார்ப்பதைவிடக் கேட்பது போதும் என்று கற்பித்தது யார்? சடங்காகச் செய்யச் சொல்லிவிட்டு, 'பாருங்கள், சடங்குதான்' என்று கைவிரிப்பது நேர்மையல்ல.

மாதிரி சிறியது, காலம் குறுகியது, நூறு வீட்டை வைத்து என்ன முடிவு எடுப்பது என்பது அடுத்த வாதம். ஒரு மாணவரின் நூறு வீடு சிறியதுதான். ஆனால் அதே ஊரில், அதே கேள்வியோடு, அதே முறையில் பத்துத் தொகுதி மாணவர்கள் பத்து ஆண்டுகள் அளந்தால் அது நாட்டிலேயே அரிய தொடர் பதிவாகிவிடும். எந்தக் கிணற்று நீர் எந்த ஆண்டில் கடினமானது, எந்த வெள்ளத்தின் பின் எந்தக் குறிச்சியில் காய்ச்சல் வந்தது என்பதெல்லாம் அதில் தெரியும். வெளியிலிருந்து வரும் பெரிய ஆய்வுக் குழு நிதி முடிந்தால் போய்விடும். பல்கலைக்கழகம் போகாது. வவுனியா வளாகம் 2021 ஓகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழில்நுட்ப பீடங்கள் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கின்றன. மண்ணையும் நீரையும் அளக்கத் தெரிந்தவர்கள் வயல்களுக்குப் பக்கத்திலேயே படிக்கிறார்கள்.

மாணவர் ஆய்வை அலட்சியம் செய்ததன் விலையை மருத்துவ வரலாறு அறியும். 1897இல் பிரான்சின் லியோன் நகரில் எர்னஸ்ட் டுஷேன் என்ற 23 வயது மருத்துவ மாணவர், பூஞ்சணம் நோய்க்கிருமியை அடக்குவதை விலங்குகளில் பரிசோதித்து ஆய்வேடாகச் சமர்ப்பித்தார். எவரும் பொருட்படுத்தவில்லை. 1912இல் அவர் காசநோயால் இறந்தார். பூஞ்சணத்தின் அந்த ஆற்றலை அலெக்சாண்டர் பிளெமிங் கவனித்தது 1928இல். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். ஏட்டைத் திறந்தே பார்க்காதவர்கள் அதைச் சொல்லக்கூடாது.

செய்ய வேண்டியது பெரிய செலவில்லாதது. ஒவ்வொரு சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையும் ஆண்டுத் தொடக்கத்தில் தனக்கு விடை தெரியாத ஐந்து கேள்விகளைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதி அனுப்பட்டும். தலைப்புகள் அதிலிருந்து பிறக்கட்டும். ஆய்வேடு ஆங்கிலத்தில் இருக்கலாம். ஆனால் அதன் முடிவு இரண்டு பக்கத் தமிழில் எழுதப்பட்டு, தகவல் தந்த ஊரின் கமக்காரர் அமைப்பிலோ கிராம அபிவிருத்திச் சங்கத்திலோ வாசிக்கப்பட வேண்டும். அதை வாசிக்காத மாணவருக்குப் புள்ளி கொடுக்கக்கூடாது. அதைக் கேட்க வராத அதிகாரியிடம் ஏன் வரவில்லை என்று ஊர் கேட்க வேண்டும்.

மேற்பார்வையாளர்களே, அடுத்த தொகுதிக்குத் தலைப்புக் கொடுக்குமுன் ஒருமுறை வயலுக்குப் போய்ப் பாருங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களே, நூலகத்தில் இருக்கும் உங்கள் பிரிவு பற்றிய ஆய்வேடுகளைக் கேட்டு வாங்குங்கள். பெரும்போகம் ஆண்டுதோறும் வருகிறது, அதோடு வெள்ளமும் காய்ச்சலும் வருகின்றன. தடுத்திருக்கக்கூடிய ஒரு மரணத்துக்கான விடை நமது நூலகத்திலேயே படிக்கப்படாமல் கிடந்தால், அந்த மரணத்துக்குப் பொறுப்பாளிகள் நாம்தான்.