பழநியும் அதன் பின்மலையும்

பழநி, கொடைக்கானல் இரண்டையும் சேர்த்து மூன்று நாளில் பார்த்துத் திரும்புவது தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்குப் பழகிப்போன பயணம். முதல் நாள் அப்பா அம்மாவுக்காகச் சாமி, மீதி இரண்டு நாள் பிள்ளைகளுக்காக ஏரியும் படகும் என்று அதில் சொல்லாமலே ஒரு பாகப்பிரிவினை நடந்துவிடும். நிலத்தின் அமைப்பு இந்தப் பிரிவினையை ஒத்துக்கொள்வதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து பிரிந்து கிழக்கே நீளும் மலைத்தொடருக்கே பழநி மலை என்றுதான் பெயர். அதன் வடக்கு அடிவாரத்தில் கோயில் ஊர். தொடரின் மேலே, ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் கொடைக்கானல். இரண்டும் திண்டுக்கல் மாவட்டம். நடுவில் 64 கிலோமீட்டர் மலைச்சாலை. கீழிருக்கும் சாமியும் மேலிருக்கும் காடும் பல வகையில் ஒன்றோடொன்று கொடுக்கல் வாங்கல் உள்ளவை.

பழநியில் வழிபாட்டுக்கு ஒரு வரிசை உண்டு. சண்முக நதியிலோ சரவணப் பொய்கையிலோ குளித்து, ஊருக்குள் இருக்கும் பெரியநாயகி அம்மனைக் கும்பிட்டு, அடிவாரத்தில் திருஆவினன்குடி முருகனைப் பார்த்துவிட்டு, அதன் பிறகே மலையேறுவது பழைய வழக்கம். காரில் வந்து இறங்குகிறவர்கள் நேராக மலைக்குப் போய்விடுவதால் இந்த வரிசை இப்போது பெரும்பாலும் மூத்தவர்களின் நினைவில்தான் இருக்கிறது. ஊர்க்கோயில்களுக்கு அது குறைவன்று. தைப்பூசத்துக்குக் கொடியேறுவது பெரியநாயகி அம்மன் கோயிலில். பங்குனி உத்திரத்துக்குக் கொடியேறுவது திருஆவினன்குடியில்.

முட்டி வலியோடு வரும் பெற்றோருக்குத் திருஆவினன்குடி இன்னொரு வகையிலும் முக்கியம். அறுபடை வீடுகளில் மூன்றாவதாகத் திருமுருகாற்றுப்படையில் வருவது திருஆவினன்குடி என்ற பெயர்தான். அந்தப் பெயரில் இன்று நிற்கும் கோயில் தரைமட்டத்தில் இருக்கிறது. மயில்மேல் குழந்தை வேலாயுதசாமியாக முருகன் இருக்கும் இந்தச் சன்னதிக்குப் போக மலையேற வேண்டியதில்லை. மலைக்கு ஏற முடியவில்லையே என்று வருந்தும் பாட்டிகளிடம் இதை எடுத்துச் சொல்லும் பிள்ளைகள் குறைவு. சொன்னாலும் பாட்டிகள் கேட்பதில்லை என்பது வேறு விஷயம்.

மலைக்கோயிலுக்குப் படிகள் 690க்கு மேல். பாத விநாயகர் கோயிலிலிருந்து படிப்பாதை தொடங்குகிறது. நெட்டுக்குத்தாக ஏற வேண்டாம் என்பவர்களுக்கு அகலமான, சாய்வு குறைந்த யானைப்பாதை இருக்கிறது. தூரம் கூடினாலும் மூச்சு வாங்குவது குறையும். நடக்கவே முடியாதவர்களுக்கு வின்ச் என்று எல்லோரும் சொல்லும் இழுவை ரயிலும், அதற்கு வெகுகாலம் பின்னால் வந்த ரோப் காரும். வின்ச் ஏறச் சில நிமிடங்களே ஆகும். கீழே வரிசையில் நிற்பதுதான் நேரம். ரோப் கார் காற்று பலமாக அடித்தால் நின்றுவிடும். மாதாந்திர, வருடாந்திரப் பராமரிப்புக்காகவும் நிறுத்துவார்கள். அதையே நம்பி வீல் சேரோடு வந்தவர்கள் அடிவாரத்தில் தவிப்பது பழநியில் அடிக்கடி காணும் காட்சி.

வின்ச்சில் போகிறவர்களுக்கு விட்டுப்போவது இடும்பன் சன்னதி. அகத்தியர் சொன்னபடி சிவகிரி, சக்திகிரி என்ற இரு குன்றுகளைக் காவடியாகக் கட்டித் தூக்கிவந்த அசுரன் இடும்பன் என்கிறது தலபுராணம். இளைப்பாற இறக்கி வைத்தவன் மறுபடி தூக்கப் பார்த்தால் குன்று அசையவில்லை. மேலே கோவணத்தோடு ஒரு சிறுவன் நின்றான். சண்டையில் இடும்பன் மாண்டு, பிறகு உயிர்பெற்று, காவடியோடு வருகிறவர்களுக்கெல்லாம் காவலனாக ஆனான். இரண்டு குன்றுகளில் ஒன்று கோயில் இருக்கும் மலை. இன்னொன்று பக்கத்தில் நிற்கும் இடும்பன் மலை. அதனால் பாதி வழியில் இடும்பனைக் கும்பிட்ட பிறகே முருகனைப் பார்ப்பது என்பது ஏறுகிறவர்களின் முறை. பெற்றோர் "ஒரு பத்துப் படியாவது ஏறிவிட்டு வருகிறோமே" என்று அடம்பிடிப்பதைப் பிள்ளைகள் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். நேர்ந்துகொண்டது தரிசனத்தை மட்டுமன்று, ஏறுவதையும் சேர்த்துத்தான். ஏறும்போது யானைப்பாதையில் நடந்து, இறங்கும்போது வின்ச்சில் வருவது இரு தரப்புக்கும் ஒத்துவரும். முட்டியைப் பதம் பார்ப்பது இறக்கம்தான் என்பதால் மருத்துவ நியாயமும் இதற்கு உண்டு.

2023 அக்டோபர் 1 முதல் மலைக்கோயிலுக்குச் செல்போன் கொண்டுபோகத் தடை. கீழே கொடுத்துவிட்டுத்தான் ஏற வேண்டும். படியேறிப் போன அப்பாவும் வின்ச்சில் போன அம்மாவும் மேலே ஒருவரையொருவர் தேட வேறு வழி கிடையாது. எங்கே சந்திப்பது என்று கீழேயே பேசிவைத்துக்கொள்வது நல்லது. மேல் வின்ச் நிலையம் எல்லோருக்கும் கண்ணில் படும் இடம். மலையைச் சுற்றியுள்ள கிரிவீதியில் தனியார் வாகனங்களை நிறுத்திவிட்டார்கள். கோயில் பேட்டரி வண்டிகள் ஓடுகின்றன. முன்பு ஹாரன் சத்தத்தில் நடக்கவே அஞ்சிய முதியவர்கள் இப்போது நிதானமாகச் சுற்றிவர முடிகிறது. பழநியில் அண்மையில் நடந்த மாற்றங்களில் சந்தேகமில்லாமல் நல்லது இது.

மூலவர் மேற்கே பார்த்து நிற்கிறார். அந்தத் திசையில் கேரளம் இருப்பதைக் காட்டித்தான் மலையாளிகள் இவ்வளவு பேர் வருவதற்குக் காரணம் சொல்வார்கள். போகர் நவபாஷாணத்தால் செய்த சிலை என்பது மரபு. போகர் சமாதி என்று வணங்கும் இடம் கோயிலுக்குள்ளேயே இருக்கிறது. இரவில் சிலைக்குச் சந்தனம் சாத்தி, காலையில் எடுத்துப் பிரசாதமாகக் கொடுப்பது ராக்காலச் சந்தனம். நோய் தீர்க்கும் என்று நம்பி அதற்காகவே விடிகாலையில் போகிறவர்கள் உண்டு. ஆண்டிக் கோலம், ராஜ அலங்காரம் என்று வேளைக்கொரு தோற்றம். எந்த வேளையில் எந்த அலங்காரம் என்பதில் பெற்றோருக்கு ஒரு விருப்பம் இருக்கும். வரிசை குறைந்த நேரத்தைத் தேடும் பிள்ளைகள் அதைக் கேட்டுவிட்டுத் திட்டம் போட்டால் திரும்பும் வழியில் முணுமுணுப்பு இருக்காது. மதியச் சாப்பாட்டுக்கும் அலைய வேண்டாம். 2012 முதல் இங்கே நாள் முழுவதும் அன்னதானம் நடக்கிறது.

பிறகு பஞ்சாமிர்தம். வாழைப்பழம், சர்க்கரை, தேன், நெய், ஏலக்காய் இவற்றோடு பேரீச்சையும் கற்கண்டும் சேரும். அடுப்பில் ஏற்றுவதில்லை, தண்ணீர் சேர்ப்பதில்லை. அதனால்தான் நாள்பட நிற்கிறது. தைப்பூசம் முடிந்து காவடியோடு வரும் எடப்பாடிக் கூட்டத்தார் மலைமேல் தாங்களே மலைபோலப் பஞ்சாமிர்தம் பிசைவார்கள். இரவு மலையில் தங்கும் உரிமை அவர்களுக்கு வழிவழியாக வருகிறது. 2019-ல் பழநிப் பஞ்சாமிர்தம் புவிசார் குறியீடு பெற்றது. அதில் சேரும் பழத்தைப் பின்தொடர்ந்தால் மலைக்கு மேலே போய்விடலாம். சிறுமலைப் பழம், விருப்பாட்சிப் பழம் என்ற மலைவாழைகள்தான் பஞ்சாமிர்தத்துக்குப் பேர்போனவை. தோட்டத்து வாழையைவிட ஈரம் குறைந்தவை, பிசைந்தால் நீர்விடாதவை. விருப்பாட்சி பழநி மலையின் கீழ்ச்சரிவுகளில் காப்பிக்கு நடுவே விளைவது. முடிக்கொத்து நோய் வந்து தோட்டம் தோட்டமாக அழிந்து, திசு வளர்ப்புக் கன்றுகளால் மெல்ல மீண்டது. கோயில் பிரசாதத்தின் ருசி ஒரு வாழை நோயைச் சார்ந்திருந்தது என்பதை டப்பாவை வாங்குகிறவர் யோசிப்பதில்லை.

பழநியிலிருந்து கொடைக்கானல் போகும் சாலை வரதமாநதி அணையைக் கடந்து உடனே ஏறத் தொடங்குகிறது. வத்தலக்குண்டு வழியைவிடக் குறுகலானது, வண்டிகள் குறைந்தது, காடு நெருக்கமானது. பெருமாள்மலையில் இரண்டு சாலைகளும் சேர்கின்றன. கொண்டை ஊசி வளைவுகளில் வயதானவர்களுக்குத் தலைசுற்றல் வருவது இயல்பு. வயிறு முட்டச் சாப்பிட்டு ஏறாமல் இருப்பதும் முன் இருக்கையை அவர்களுக்கு விடுவதும் பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும். கொடைக்கானல் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் நான்கில் மூன்று பங்குக்குச் சற்று மேல். திடமான உடம்புக்கு அது தெரியாது. இதய நோயோ நுரையீரல் கோளாறோ உள்ளவர்களுக்கு மேட்டில் நடக்கையில் தெரியும். முதல் நாள் அவர்களை ஓய்வெடுக்க விட்டுவிட வேண்டும்.

கொடைக்கானல் ஊரானது வெள்ளைக்காரர்களால். மதுரையில் இருந்த அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவர்கள் வெப்பத்துக்கும் காய்ச்சலுக்கும் பயந்து 1845-ல் இங்கே வீடு கட்டினார்கள். அவர்களுடைய மதுரைக் கிளையே யாழ்ப்பாணத்து மிஷனிலிருந்து 1834-ல் பிரிந்து வந்தது. மதுரை கலெக்டராக இருந்த வேர் ஹென்றி லெவிஞ்ச் 1863-ல் ஏரியை உண்டாக்கினார். கோக்கர்ஸ் வாக் 1872-ல் போட்ட நடைபாதை. ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர், பெரிய ஏற்றமில்லாதது, உட்கார இடமுள்ளது. பெற்றோருக்கு ஊரிலேயே மிகத் தோதான இடம் அதுதான். மோட்டார் சாலை வருவதற்கு முன்பு துரைகளையும் துரைசானிகளையும் நாற்காலியிலும் டோலியிலும் வைத்து ஆட்கள் தூக்கி ஏற்றினார்கள். சூரிய ஆய்வு நிலையம் 1899-ல் தொடங்கியது. சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதை ஜான் எவர்ஷெட் 1909-ல் கண்டது இங்கேதான்.

இந்த ஊரில் பழநியோடு நேராக முடிச்சுப் போடும் இடம் குறிஞ்சியாண்டவர் கோயில். 1936-ல் இதைக் கட்டியவர் லீலாவதி ராமநாதன். ஐரோப்பிய வம்சத்தில் பிறந்து, இந்து சமயத்தைத் தழுவி, இலங்கையின் யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பத்தவரான சர் பொன்னம்பலம் ராமநாதனை மணந்தவர். கொடைக்கானலின் முதல் குடியேற்றத்துக்கும் அதன் முருகன் கோயிலுக்கும் யாழ்ப்பாணத்துத் தொடர்பு இருப்பது தற்செயல்தான், ஆனால் சுவையான தற்செயல். கோயில் இன்று பழநி தேவஸ்தானத்தின் கீழ் இருக்கிறது. மூட்டம் இல்லாத நாளில் கோயிலருகே நின்றால் கீழே சமவெளியில் பழநி மலை தெரியும். முந்தின நாள் மூச்சுவாங்க ஏறிய மலை மேலிருந்து சின்னக் குன்றாகத் தெரிவது பெற்றோருக்குச் சிரிப்பைத் தரும். சுற்றுப்புறத்தில் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நீலக் குறிஞ்சி பூக்கும். 2006, 2018 கழிந்தன, அடுத்தது 2030. மலையும் மலைசார்ந்த இடமும் குறிஞ்சி, அதன் தெய்வம் சேயோன் என்று இலக்கணம் வகுத்த மொழியில், இந்தக் கோயிலுக்குத் தலவரலாறு தேட வேண்டியதில்லை.

ஊரைத் தாண்டினால் முருகன் இன்னும் பழையவராகிறார். பூம்பாறையில் குழந்தை வேலப்பர். இந்தச் சிலையையும் போகரே செய்தார் என்பது அங்குள்ளவர்கள் நம்பிக்கை. படிப்படியான வயல்களில் விளையும் மலைப்பூண்டுக்குப் பெயர்பெற்ற ஊர். கொடைக்கானல் மலைப்பூண்டும் 2019-ல் புவிசார் குறியீடு பெற்றது. தாண்டிக்குடியில் பாலமுருகன். அங்கிருந்துதான் முருகன் பழநிக்குத் தாவினார் என்று மலைக்காரர்கள் சொல்கிறார்கள். ஆக, அவர்கள் கணக்கில் பழநி இரண்டாவது வீடு. சூயிசைட் பாயின்ட், பைன் காடு என்று வேனில் சுற்றும் நேரத்தில் அரை நாளைப் பூம்பாறைக்கு ஒதுக்கினால் கோயிலும் காட்சியும் ஒரே இடத்தில் கிடைக்கும், பூண்டும் வாங்கலாம்.

எப்போது போவது என்பதிலும் மலையும் கோயிலும் ஒன்றையொன்று இழுக்கின்றன. தைப்பூசத்துக்குப் பாதயாத்திரைக் கூட்டம் சாலைகளை நிறைக்கும். அந்த வாரம் முதியவர்களோடு போவது வீண் வம்பு. பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடியிலிருந்து காவிரித் தீர்த்தம் சுமந்துவருவார்கள். வெயில் தொடங்கும் மாதத்தில் சாமியைக் குளிர்விக்கும் ஏற்பாடு அது. சித்திரையின் கடைசி ஏழு நாளும் வைகாசியின் முதல் ஏழு நாளும் பழநியில் கழு என்னும் விழா. அக்னி நட்சத்திரத்தில் மூலிகைக் காற்று வீசும் என்று விடியலிலும் மாலையிலும் ஜனங்கள் மலையைச் சுற்றுவார்கள். அதே நாட்களில்தான் கொடைக்கானலில் சீசன். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். கிளம்புவதற்கு முன் இணையத்தில் பதிந்துவிட வேண்டும், இல்லையேல் சோதனைச் சாவடியில் காத்திருப்பு.

எதை முதலில் பார்ப்பது என்ற கேள்விக்கு வேண்டுதலே பதில் சொல்லும். விரதம் இருந்து வருகிறவர்கள் பழநியை முடித்துவிட்டுத்தான் மலையேறுவார்கள். மொட்டை போடும் நேர்ச்சை இருந்தால் மாற்றிச் செய்வது மேல். பழநி வெயிலில் முடியிறக்கிய தலை அன்று இரவே கொடைக்கானல் குளிரைத் தாங்காது, ஏரிக்கரையில் மங்கி குல்லா விற்பவர்கள் இதை நன்றாக அறிவார்கள். கொடைக்கானலில் இரண்டு நாள் தங்கி, மூன்றாம் நாள் காலையில் பழநிச் சாலை வழியாக இறங்கினால் மதியத்துக்குள் அடிவாரம் வந்துவிடலாம். சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் திருஆவினன்குடி, பிறகு மலை. இரவு பழநியில் தங்கி, ராக்காலச் சந்தனத்தை விடிகாலையில் வாங்கிக்கொண்டு ரயிலேறினால் திண்டுக்கல் பக்கமும் போகலாம், பொள்ளாச்சி வழியாகக் கோவைப் பக்கமும் போகலாம்.