குழந்தையை டென்னிஸ் கிளாஸில் சேர்க்கப் போறீங்களா? வயதைக் கேட்கும் முன் பந்தைப் பாருங்க!

2025 பிப்ரவரியில் மும்பையில் நடந்த டபிள்யூ.டி.ஏ 125 தொடரில், கோவையைச் சேர்ந்த மாயா ராஜேஸ்வரன் 15 வயதில் அரையிறுதி வரை போனார். அதே ஆண்டு அக்டோபர் கடைசியில் பெண்களுக்கான சென்னை ஓபன் மீண்டும் நுங்கம்பாக்கம் ஸ்டேடியத்துக்கு வந்தது. இப்படி ஏதாவது நடந்தால் போதும், அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் அந்தக் கேள்வி வந்துவிடும்: "நம்ம ஏரியாவுல நல்ல டென்னிஸ் கோச்சிங் எங்க இருக்கு? பையனுக்கு அஞ்சு வயசு. லேட் ஆயிடுச்சா?"

லேட் எல்லாம் ஆகவில்லை. 5, 6 வயதில் விளையாட்டாகத் தொடங்கலாம். 8, 9 வயதில் தொடங்கினாலும் எதுவும் கெட்டுப்போகாது. ஆனால், அந்த ஐந்து வயதுக் குழந்தையின் முன்னால் எந்தப் பந்தைப் போடுகிறார்கள், எவ்வளவு பெரிய கோர்ட்டில் நிறுத்துகிறார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. இதை விசாரிக்காமலேயே மூன்று மாத ஃபீஸைக் கட்டிவிட்டு வருகிறோம்.

மஞ்சள் பந்தில் என்ன சிக்கல்?

டிவியில் பார்க்கும் மஞ்சள் பந்துக்கு ஒரு விதி உண்டு. 254 செ.மீ உயரத்திலிருந்து கீழே விட்டால், அது குறைந்தது 135 செ.மீ உயரத்துக்கு எம்ப வேண்டும். ஆறு வயதுக் குழந்தையின் உயரம் சராசரியாக 115 செ.மீ. இப்போ கணக்குப் போட்டுப் பாருங்க. பெரியவர்களுக்கு இடுப்புக்கும் நெஞ்சுக்கும் இடையில் வரும் பந்து, இந்தக் குழந்தைக்குத் தலைக்கு மேலே போகிறது.

குழந்தை என்ன செய்யும்? பின்னாலேயே ஓடும். இல்லையென்றால் மணிக்கட்டைத் திருப்பி, ராக்கெட்டைக் கோணலாகப் பிடித்து, எப்படியாவது பந்தைத் தள்ளிவிடப் பார்க்கும். அந்தப் பிடி கையில் ஊறிவிட்டால் பிறகு மாற்றுவது பெரும்பாடு. நாலு பந்து சேர்ந்தாற்போல் அடிக்க முடியாத குழந்தைக்கு ஆறே மாதத்தில் போரடித்துவிடும். "அவனுக்கு இன்ட்ரஸ்ட் இல்ல" என்று நாம் முடிவு கட்டிவிடுவோம்.

இதற்காகத்தான் சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பான ஐ.டி.எஃப் மூன்று நிறப் பந்துகளைப் பரிந்துரைக்கிறது. சிவப்புப் பந்து மஞ்சளைவிட 75 சதவீதம் மெதுவாக வரும். ஆரஞ்சு 50 சதவீதம், பச்சை 25 சதவீதம். சுமார் 5 முதல் 8 வயது வரை சிவப்பு, அடுத்து ஆரஞ்சு, 9 அல்லது 10 வயதில் பச்சை. சிவப்புப் பந்தை அதே 254 செ.மீ-லிருந்து விட்டால் ஒரு மீட்டரை ஒட்டித்தான் எம்பும். எடையும் குறைவு: மஞ்சள் பந்து 56 கிராமுக்கு மேல், சிவப்பு அதிகபட்சம் 49 கிராம்.

கோர்ட்டும் அதற்கேற்பச் சுருங்கும். முழு கோர்ட்டின் நீளம் 23.77 மீட்டர். சிவப்புப் பந்துக்கான கோர்ட் சுமார் 11 மீட்டர்தான். ஒரு பெரிய கோர்ட்டுக்குள் குறுக்கு வாட்டில் நாலு சின்ன கோர்ட் போட்டுவிடலாம். சுண்ணாம்புக் கோடும் கயிறும் இருந்தாலே வேலை முடிந்துவிடும், பெரிய செலவு இல்லை. அப்புறம் ஏன் பல இடங்களில் செய்வதில்லை என்று கேட்டால் எனக்கும் புரியவில்லை. 2012-லிருந்து, 10 வயதுக்கு உட்பட்டோர் போட்டிகளில் வழக்கமான மஞ்சள் பந்தைப் பயன்படுத்தக் கூடாது என்று ஐ.டி.எஃப் விதியே போட்டிருக்கிறது.

அதனால் சேர்ப்பதற்கு முன் நேரில் போய் கோச்சின் பந்துக் கூடையை எட்டிப் பாருங்கள். அதில் சிவப்பும் ஆரஞ்சும் இருந்தால் பாதி கவலை விட்டது. முழுக்க மஞ்சள் என்றால் கேளுங்கள். "பழைய பந்துதான் சார், மெதுவாத்தான் வரும்" என்று பதில் வரலாம். உண்மைதான், காற்றுப்போன பந்து குறைவாகத்தான் எம்பும். ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி எம்பும். குழந்தைக்கு எந்தக் கணிப்பும் பழகாது.

எங்கே சேர்ப்பது?

அரசின் எஸ்.டி.ஏ.டி மைதானம், கிளப், தனியார் அகாடமி, ஸ்கூல், அபார்ட்மென்ட் கோர்ட்டுக்கே வந்து சொல்லித்தரும் கோச் என்று வழிகள் பல. பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பவர்கள்தான் அதிகம். 7 வயதுக்குக் கீழே இருந்தால் பெயரைவிட தூரம் முக்கியம் என்பேன். சாயங்காலம் ஆறு மணிக்கு வேளச்சேரியிலிருந்து நுங்கம்பாக்கம் போவதை நினைத்துப் பாருங்கள். குழந்தை காரிலேயே தூங்கிவிடும். வாரம் இரண்டு நாள், 45 நிமிடம், பத்து நிமிடத் தூரம்: இந்த வயதுக்கு இது தாராளம்.

அடுத்து, ஒரு கோச்சுக்கு எத்தனை குழந்தைகள்? 60 நிமிட வகுப்பில் 12 பேர் வரிசையில் நின்று, கோச் ஒவ்வொருவருக்காகப் பந்து போட்டால், ஒரு குழந்தைக்குக் கிடைப்பது 5 நிமிடம். மீதி 55 நிமிடம் முன்னால் நிற்கும் குழந்தையின் ஜடையை இழுப்பதில் போகும். அதே 12 பேரை நாலு சின்ன கோர்ட்டில் மும்மூன்று பேராகப் பிரித்து, உதவிக்கு ஒருவரை வைத்தால் எல்லோர் கையும் காலும் ஓடிக்கொண்டே இருக்கும். ஆக, எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீர்கள். வெளியே நின்று ஒரு கால் மணி நேரம் கவனியுங்கள். எத்தனை பேர் சும்மா நிற்கிறார்கள்?

பெற்றோர் பார்க்கும்படி கோர்ட் திறந்த இடத்தில் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். "பேரன்ட்ஸ் யாரும் நிக்கக் கூடாது" என்று சொல்லும் இடத்தில் ஏன் என்று கேட்கத் தயங்க வேண்டாம். கத்தும் அப்பாக்களைத் தவிர்ப்பதற்காகச் சொல்கிறார்கள் என்றால் நியாயம்தான். அதற்காகக் குழந்தை கண்ணிலேயே படாத இடத்தில் வகுப்பு நடக்க வேண்டியதில்லை. தண்ணீர், நிழல், கழிப்பறை மூன்றும் இருக்க வேண்டும். ஏப்ரல், மே மாதக் கோடை முகாமில் காலை எட்டரை மணிக்கு மேல் வகுப்பு என்றால் நான் யோசிப்பேன்.

சீக்கிரம் தொடங்கினால்தான் சாம்பியன் ஆக முடியுமா?

ஃபெடரர் சிறுவயதில் கால்பந்து, பேட்மின்டன், கூடைப்பந்து எல்லாம் ஆடியவர். நடாலும் 12 வயது வரை கால்பந்தை விடவில்லை. சீனாவின் லி நா முதலில் பேட்மின்டன்தான் ஆடினார். லியாண்டர் பயஸ், 1985-ல் சென்னையில் தொடங்கிய பிரிட்டானியா அமிர்தராஜ் பயிற்சித் திட்டத்தில் சேர்ந்தபோது அவருக்கு 12 வயது. 1990-ல் விம்பிள்டன் ஜூனியர் பட்டம், 1996-ல் ஒலிம்பிக் வெண்கலம்.

எதிர் உதாரணமும் இருக்கிறது. வில்லியம்ஸ் சகோதரிகள் மிகச் சின்ன வயதிலேயே தொடங்கினார்கள். அகாசியும்தான். அப்பா வைத்த பந்து மெஷினுக்கு முன்னால் தினமும் ஆயிரக்கணக்கில் பந்து அடித்து வளர்ந்தவர், டென்னிஸை வெறுத்ததாகவே தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். ஜெனிஃபர் காப்ரியாட்டி 1990-ல் 13 வயதில் தொழில்முறை ஆட்டத்துக்கு வந்து, சில ஆண்டுகளிலேயே ஒதுங்க வேண்டியதாயிற்று, பிறகுதான் மீண்டு வந்தார். இன்று 14 வயது நிறையாத வீராங்கனை டபிள்யூ.டி.ஏ போட்டியில் ஆட முடியாது. நம் காதில் விழுவது ஜெயித்தவர்களின் கதை மட்டும்தான் என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

அமெரிக்கக் குழந்தைகள் நல மருத்துவர்கள் சங்கம் 2016-ல் சொன்னது இது: ஒரே விளையாட்டில் மட்டும் இறங்குவதை 15, 16 வயது வரை தள்ளிப்போடுவது நல்லது, வாரத்தில் ஒன்றிரண்டு நாள் ஓய்வு வேண்டும். இன்னொரு எளிய கணக்கும் மருத்துவ ஆய்வுகளில் அடிபடுகிறது. வாரத்தில் பயிற்சி நேரம் குழந்தையின் வயதைத் தாண்டினால் காயம் அதிகமாகிறது. 8 வயது என்றால் எல்லா விளையாட்டும் சேர்த்து 8 மணி நேரம். டென்னிஸில் ஒரே கை, ஒரே தோள், ஒரே பக்க முதுகு. வளரும் எலும்புக்கு அது லேசான சுமை இல்லை.

நேர்மையாகச் சொன்னால், 15, 16 என்பது டென்னிஸுக்குக் கொஞ்சம் கறாரான வரம்பு. போட்டிகளில் முன்னேற நினைக்கும் குழந்தைகள் 11, 12 வயதிலேயே தீவிரமாகிவிடுகிறார்கள். அதற்காக எட்டு வயதில் ரயில் ஏறி ஊர் ஊராக அண்டர்-12 போட்டிக்கு அழைத்துப்போகத் தேவையில்லை. 8 வயதில் தோற்று அழுத குழந்தை 10 வயதில் ராக்கெட்டைத் தொடாமல் போவதுதான் நிஜமான நஷ்டம்.

எவ்வளவு பெரிய ராக்கெட்?

பெரியவர்களுக்கான ராக்கெட் 27 இன்ச். 5 வயதுக்கு 21 இன்ச், 6 முதல் 8 வரை 23, அடுத்து 25 என்று போகும். வளர்ந்தால் பயன்படட்டும் என்று ஸ்கூல் யூனிஃபார்ம் மாதிரி ரெண்டு இன்ச் பெரிதாக வாங்கும் பழக்கம் இதில் வேண்டாம். குழந்தையை நேராக நிற்கவைத்து, கையைத் தொங்கவிட்டு ராக்கெட்டைப் பிடிக்கச் சொல்லுங்கள். அதன் நுனி தரையை லேசாகத் தொட்டால் அளவு சரி. முழங்கையை மடக்கினால்தான் நிற்க முடிகிறது என்றால் அடுத்த சின்ன சைஸைக் கேளுங்கள். அதற்கும் முன், முதல் மாதம் கோச்சிடமிருக்கும் ராக்கெட்டிலேயே ஆடட்டும்.