வழி காட்டியவருக்கும் ஒரு சிகரம்

(பத்தாம் வகுப்பு மாணவி)

மலையின் உச்சியில் நிற்பவரை உலகம் பார்க்கிறது. அவரை அங்கே அழைத்துச் சென்றவரை யார் பார்க்கிறார்கள்? "இந்தச் சிகரத்தில் முதன்முதலில் ஏறியவர் இன்னார்" என்று பொது அறிவு நூல்களில் படித்து மனப்பாடம் செய்கிறோம். அந்த இன்னாருக்கு முன்னால் நடந்து வழி சொன்னவரின் பெயரைக் கேட்டால் விழிக்கிறோம். இது நியாயமா? ஸ்காட்லாந்தில் உள்ள ஒரு தீவின் மலைகளைக் கொண்டு இதைச் சற்றுச் சிந்தித்துப் பார்ப்போம்.

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையை ஒட்டி ஸ்கை என்னும் தீவு உள்ளது. அத்தீவில் கறுப்புக் கூலின் என்ற மலைத்தொடர் ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளத்துக்கு ரம்பத்தின் பற்களைப் போல நிற்கிறது. அதில் மிக உயர்ந்த சிகரமான ஸ்கூர் அலஸ்டரின் உயரம் 992 மீட்டர்தான். "ஆயிரம் மீட்டர்கூட இல்லையே, இதில் என்ன கடினம்?" என்று தோழியர் கேட்கலாம். உயரத்தை மட்டும் வைத்து மலையை எடைபோடக் கூடாது. அங்குள்ள காப்ரோ என்னும் பாறை மிகவும் சொரசொரப்பானது. காலணியை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். விரல் நுனித் தோலையும் உரித்துவிடும். அதற்கு இடையிடையே காணப்படும் பசால்ட் பாறையோ மழை பெய்தால் வழுக்கும். மலைமுகடு சில இடங்களில் மிகவும் குறுகலானது. இரு பக்கமும் பாதாளம். கடலிலிருந்து வரும் மேகம் சிறிது நேரத்தில் எல்லாவற்றையும் மூடிவிடும். அப்போது திசைகாட்டியைப் பார்க்கலாம் என்றால் அதையும் முழுவதும் நம்ப முடியாது. பாறைகளில் காந்தத்தன்மை இருப்பதால் பல இடங்களில் முள் தவறான திசையைக் காட்டும்.

கருவியே பொய் சொல்லும் இடத்தில் மனிதரின் நினைவாற்றல்தான் துணை. அந்த நினைவாற்றல் யாரிடம் இருந்தது? ஆடு மேய்த்தவர்களிடமும், சிறு நிலத்தில் பயிரிட்டு வாழ்ந்த குடியானவர்களிடமும், வேட்டைக்காட்டைக் காவல் காத்தவர்களிடமும் இருந்தது. 1836-ஆம் ஆண்டு ஸ்கூர் நன் கில்லியன் என்ற சிகரத்தில் முதலில் ஏறியவர் ஜேம்ஸ் ஃபோர்ப்ஸ் என்ற பேராசிரியர் என்பார்கள். அவருக்கு வழிகாட்டியாகச் சென்றவர் டங்கன் மக்கின்டயர் என்ற உள்ளூர்க்காரர். 1873-இல் தொடரின் மிக உயர்ந்த சிகரத்தில் ஏறியவர் அலெக்ஸாண்டர் நிக்கல்சன். அலெக்ஸாண்டர் என்பதன் கேலிக் மொழி வடிவமே அலஸ்டர். சிகரம் அவர் பெயரைப் பெற்றது. அவருடன் ஏறியவர் மக்ரே என்ற மேய்ப்பர். அவர் பெயரில் அங்கே சிகரம் எழவில்லை.

ஆனால் இதே மலைத்தொடரில் நெஞ்சை நிறைக்கும் மற்றொரு வரலாறும் உண்டு. ஸ்கான்சர் என்ற சிற்றூரைச் சேர்ந்த ஜான் மெக்கன்சி (1856–1933) ஒரு குடியானவர். பத்து வயதிலேயே ஸ்கூர் நன் கில்லியனில் ஏறியவர். பின்னர் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் மலை ஏற வந்தவர்களுக்கு வழிகாட்டியாக இருந்தார். அவருடைய நண்பர் நார்மன் கோலி (1859–1942), லண்டனில் வேதியியல் பேராசிரியர். 1899-இல் ஒரு பெரும் பாறைச்சுவரில் விழுந்திருந்த நிழலைக் கோலி கவனித்தார். நிழல் விழ வேண்டுமானால் அங்கே ஏதோ ஒன்று துருத்திக்கொண்டு நிற்க வேண்டும் அல்லவா? 1906-இல் கோலியும் மெக்கன்சியும் ஒரே கயிற்றில் பிணைந்து அந்தப் பாறையின் உச்சியை அடைந்தார்கள்.

இந்தத் தொடரில் 948 மீட்டர் உயரமுள்ள ஒரு சிகரத்துக்கு ஸ்கூர் விக் கோனிக் என்று பெயர். மெக்கன்சியின் சிகரம் என்பதே அதன் பொருள். கூலி பெற்று வழி காட்டிய ஒருவரின் பெயரை ஒரு மலை தாங்கி நிற்கிறது! பேராசிரியர் கோலி இறந்தபோது, அவர் விரும்பியபடியே ஸ்ட்ரூவன் என்ற ஊரில் மெக்கன்சியின் கல்லறைக்குப் பக்கத்தில் அடக்கம் செய்யப்பட்டார். 2020-இல் ஸ்லிகாகன் என்னுமிடத்தில் இருவருக்கும் சேர்த்துச் சிலை வைத்திருக்கிறார்கள்.

"வழிகாட்டி பணம் வாங்கிக்கொண்டுதானே வந்தார்? பிறகு புகழ் எதற்கு?" என்று சிலர் வாதிக்கலாம். அன்றைய நடைக்குக் கூலி கொடுத்திருக்கலாம். பத்து வயது முதல் பாறை பாறையாகக் கற்ற அறிவுக்கு யார் விலை நிர்ணயிப்பது? மேலும், பாறையில் கால் தவறினால் பேராசிரியரின் உயிரும் குடியானவரின் உயிரும் ஒன்றுதான். ஆபத்தில் சரிபாதி ஏற்றவருக்குப் பெயரிலும் பங்கு வேண்டும்.

"வந்தவர்கள் எழுதி வைத்ததால்தானே நமக்கு இவையெல்லாம் தெரிகின்றன?" என்பது மற்றொரு வாதம். இது உண்மை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எழுதத் தெரிந்தவருக்கு ஒரு கடமை இருக்கிறது என்பதைத்தான் இது காட்டுகிறது.

இமயமலையின் மேற்குக் கோடியில் உள்ள நங்க பர்பத் (8,126 மீட்டர்) சிகரத்துக்கு 1895-இல் கோலி தம் நண்பர்களுடன் சென்றார். அந்தப் பயணத்தில் புகழ்பெற்ற மம்மரி என்பவர் மாண்டார். "மம்மரியும் இரண்டு கூர்க்காக்களும்" என்று சொல்லி முடித்துவிடுவோர் உண்டு. அந்த இருவருக்கும் ரகுபீர் தாபா, கோமன் சிங் என்ற பெயர்கள் இருந்தன. அவர்களுக்காகவும் வீட்டில் யாரேனும் காத்திருந்திருப்பார்கள். "இரண்டு கூர்க்காக்கள்" என்ற எண்ணிக்கை போதுமா?

இதற்கு மாறாக, 1899-இல் ஹர்க்கபீர் தாபா என்ற கூர்க்கா வீரர் ஸ்கை தீவுக்கு வந்தார். ஸ்லிகாகனிலிருந்து புறப்பட்டு, 775 மீட்டர் உயரமுள்ள கிளாமெய்க் மலையின் உச்சிக்கு வெறுங்காலுடன் ஓடி ஏறி, 55 நிமிடங்களில் திரும்பி வந்தார். யாரோ அவர் பெயரைக் குறித்து வைத்தார்கள். நூறு ஆண்டுகள் கடந்தும் அத்தீவு மக்கள் அவரை மறக்கவில்லை.

அன்புத் தோழியரே, நாம் மலையேற ஸ்கை தீவுக்குப் போகாமல் இருக்கலாம். ஆனால் பேனா நம் கையிலும் இருக்கிறது. கல்விச் சுற்றுலா பற்றிக் கட்டுரை எழுதுகிறோம். இரவெல்லாம் கண் விழித்துப் பேருந்து ஓட்டியவர் அதில் வெறும் "ஓட்டுநர்". ஆண்டு விழாவைப் பற்றி எழுதுகிறோம். மேடையைக் கூட்டிப் பெருக்கிய அம்மா அதில் இல்லவே இல்லை. அவர்களிடம் பெயரைக் கேட்டு எழுத ஒரு நிமிடம் போதும். ஏறியபின் ஏணியை எட்டி உதைப்பது பாவம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஏணியின் பெயரைக் கேட்காமல் விடுவதும் அதற்குக் குறைந்ததல்ல என்பது என் தாழ்மையான கருத்து. அடுத்த ஆண்டு மலரில் அந்தப் பெயர்களையும் நாம் படிப்போமாக!