தாத்தா வாட்ச் ஒரு அசெட்டா? அடகுக் கடையில கேட்டுப் பாருங்க

போன ஜூலையில வரிக் கணக்கு தாக்கல் பண்ண ஒரு தம்பி தன்னோட சொத்து விவரத்தை எக்செல்ல போட்டு அனுப்பியிருந்தார். கும்பகோணம் பக்கத்துக்காரர், பெங்களூர்ல ஐடி வேலை, வயசு 27. பிஎஃப், மியூச்சுவல் ஃபண்ட், எமர்ஜென்சி ஃபண்ட் எல்லாம் வரிசையா இருந்துச்சு. அதுக்குக் கீழ ஒரு வரி: "விண்டேஜ் வாட்ச் கலெக்‌ஷன், 14 எண்ணம், ரூ.1,60,000". வாங்கின விலை எவ்வளவுன்னு கேட்டேன். 84,000. மீதி 76,000 எங்கேர்ந்து வந்துச்சு? "இன்ஸ்டாகிராம்ல அந்த ரேட்டுக்குத்தான் சார் போட்டிருக்காங்க" என்றார்.

போட்டிருக்காங்க, சரி. அந்த ரேட்டுக்கு யாராவது வாங்கியிருக்காங்களா?

முதல்லயே சொல்லிடறேன். சாவி கொடுக்கிற பழைய வாட்ச்சுக்கு நான் எதிரி இல்லை. என் கையிலயே ஒண்ணு இருக்கு. சம்பளத்துல கடமை எல்லாம் முடிஞ்ச பிறகு மிச்சமிருக்கிற காசுல நீங்க வாட்ச் வாங்குறீங்களா, பைக்குக்கு ஹெல்மெட் வாங்குறீங்களான்னு ஆடிட்டர் கேட்கக் கூடாது. என் சண்டை "முதலீடு"ங்கிற அந்த ஒரு வார்த்தையோடதான். செலவுன்னு நினைச்சா ஒரு வாட்ச் வாங்குவீங்க. முதலீடுன்னு நினைச்சா பதினாலு வாங்குவீங்க, அதுவும் இஎம்ஐல.

நம்ம டெல்டாவுல இந்த மோகம் ஏன் இவ்வளவு ஈஸியா பிடிக்குதுன்னு எனக்குப் புரியுது. இங்க பாதி வீட்டு பீரோவுல ஒரு பழைய வாட்ச் தூங்கிட்டு இருக்கும். 1961-ல ஜப்பானோட சிட்டிசன் கம்பெனி தொழில்நுட்பத்தை வாங்கி பெங்களூர்ல எச்எம்டி வாட்ச் தயாரிப்பைத் தொடங்கினாங்க. ஜனதா, பைலட், கோஹினூர், சோனா, காஞ்சன்னு வரிசையா வந்துச்சு. அதே 60-கள்லதான் தஞ்சாவூர் வயல்ல ஆடுதுறை 27 நெல் பரவி, குறுவையில கையில காசு பார்த்த குடும்பங்கள் கூடுச்சு. சம்பா அறுவடை முடிஞ்சு தை, மாசியில கல்யாணம் வெச்சா மாப்பிள்ளைக்கு மோதிரம், செயின், கூடவே ஒரு வாட்ச். இன்னொரு வழியும் இருந்துச்சு. நாகப்பட்டினம் வழியா எம்.வி. சிதம்பரம் கப்பல் ஓடின காலத்துல சிங்கப்பூர், மலேசியாவிலேர்ந்து வந்த சபுராளிங்க பெட்டியில சீக்கோ 5, சிட்டிசன் ஆட்டோமேட்டிக் வந்து இறங்கும். அதனால ஒரே தெருவுல ஒரு வீட்டுல எச்எம்டி, அடுத்த வீட்டுல சீக்கோ.

அந்தக் காலத்துல வாட்ச் உண்மையிலேயே ஒரு சொத்து மாதிரிதான் நடந்துக்கிச்சு. அடகுக் கடையில குத்துவிளக்கு, பித்தளை அண்டா, சைக்கிள் வாங்குற மாதிரி வாட்ச்சையும் வாங்கிக்கிட்டு காசு குடுத்தாங்க. நடவுக்கு ஆள் கூலி குடுக்கணும்னா கையிலேர்ந்து கழட்டி வெச்சுட்டு வந்த பெரியவங்க உண்டு. அப்போ வாட்ச் கிடைக்கிறது கஷ்டம், வாங்குறவங்க நிறைய. அதனாலதான் அந்த மதிப்பு.

இப்போ ஒரு டெஸ்ட் சொல்றேன். இதுக்கு நான் வெச்சிருக்கிற பேரு அடகுக் கடை டெஸ்ட். உங்க அம்மாவோட ரெண்டு பவுன் செயினை எடுத்துக்கிட்டு தஞ்சாவூர் கீழவாசல்ல எந்தக் கடைக்குப் போனாலும், உரசிப் பார்த்து, எடை போட்டு, கொஞ்ச நேரத்துல பணம் எண்ணிக் குடுத்துடுவாங்க. அடுத்த நாள் உங்க விண்டேஜ் வாட்ச்சைக் கொண்டுபோய் வைங்க. சேட்டு சிரிப்பார், அவ்வளவுதான். டயல்ல "17 ஜுவல்ஸ்"னு போட்டிருக்கேன்னு சொல்லிப் பாருங்க, இன்னும் கொஞ்சம் சிரிப்பார். அந்த 17 கல்லும் சக்கரங்களோட அச்சு தேயாம இருக்க வெச்ச செயற்கை மாணிக்கம். காசு பெறாது.

அவசரத்துக்குக் காசாக மாறுமா, மாறினா எவ்வளவு குறைச்சலுக்கு மாறும்? எதையும் சொத்துன்னு எழுதுறதுக்கு முன்னாடி இந்த ரெண்டு கேள்வியைக் கேளுங்க. அந்தத் தம்பி நான் சொன்னதுக்காக அஞ்சு வாட்ச்சை விக்கப் போட்டுப் பார்த்தார். ரெண்டு மாசத்துல ரெண்டு போச்சு, வாங்கின விலையில பாதிக்குக் கிட்ட. ஒண்ணுக்கு ஆளே வரல. மீதி ரெண்டு ரீடயல்னு சொல்லித் திருப்பிட்டாங்க.

இந்த ரீடயல் விஷயத்தைக் கொஞ்சம் விரிவா சொல்லணும். ஏன்னா உங்க காசு அதிகமா போறது இங்கதான். வெளிநாட்டு சேகரிப்பாளர்கள் "மும்பை ஸ்பெஷல்"னு கிண்டலா சொல்ற ஒரு வகை இருக்கு. உள்ள ஓடுற மெஷின் ஒரு பழைய வாட்ச்சோடது, கேஸ் இன்னொண்ணோடது, டயலைச் சுரண்டி புதுசா பெயிண்ட் அடிச்சு அச்சடிச்சது. எச்எம்டி பைலட், ஃபாவ்ர் லூபா, வெஸ்ட் எண்ட், கேமி பேர்ல ஆன்லைன்ல பளபளன்னு, ஆரஞ்சு, மயில்நீலம், பாதி சிவப்புன்னு வர்றதுல நிறைய இப்படித்தான். கம்பெனி அந்தக் கலரே போட்டிருக்காது. அம்பது வருஷ வாட்ச்சுக்கு நேத்து அடிச்ச பெயிண்ட் மாதிரி டயல் இருந்தா சந்தேகப்படுங்க. எழுத்து ஓரம் கசிஞ்சிருக்கா, நிமிஷக் கோடுகள் சமமா இருக்கா, பின்மூடியில பொறிச்சிருக்கிறதும் டயல்ல இருக்கிறதும் பொருந்துதான்னு பாருங்க. மெஷின் போட்டோ குடுக்க மறுக்கிறவர்கிட்ட வாங்கவே வாங்காதீங்க. கட்டி அழகு பார்க்க ரீடயல் போதும்னு தெரிஞ்சே வாங்கினா எனக்கு ஆட்சேபணை இல்லை. அதுக்கு உண்டான விலையைக் குடுங்க.

"ஆனா எச்எம்டி மூடிட்டாங்களே சார், இனிமே கிடைக்காது, விலை ஏறத்தானே செய்யும்?" இந்தக் கேள்வி எல்லாரும் கேட்பாங்க. 2014-ல மூடப்போற செய்தி வந்தப்போ கடைகள்ல கூட்டம் அலைமோதினது உண்மை. 2016 ஜனவரியில மத்திய அமைச்சரவை எச்எம்டி வாட்சஸை மூட ஒப்புதல் குடுத்துச்சு. ஆனா கம்பெனி மூடினதால வாட்ச் அரிதாயிடாது. பல வருஷமா லட்சக்கணக்குல செஞ்சு குவிச்ச வாட்ச் அது, இன்னும் ஊரெல்லாம் பீரோவுல இருக்கு. அரிதான சில மாடல் இருக்கு, அதை அடையாளம் தெரிஞ்சவங்க ஏற்கெனவே வாங்கி வெச்சுட்டாங்க. நீங்க ரீல்ஸ் பார்த்துத் தெரிஞ்சுக்கும்போது அந்த விலை ஏற்கெனவே ஏறியிருக்கும். ஷேர் மார்க்கெட் மாதிரியேதான்.

ஷேர்னு சொன்னதும் ஒண்ணு ஞாபகம் வருது. சாவி வாட்ச்சை ஓரங்கட்டினது பேட்டரியில ஓடுற குவார்ட்ஸ். 1969 டிசம்பர்ல ஜப்பான்ல சீக்கோ அதை விக்க ஆரம்பிச்சுச்சு. நம்ம ஊர்ல அதைப் பெரிசா கொண்டுவந்தது டைட்டன், 1984-ல டாடாவும் தமிழ்நாடு அரசோட டிட்கோவும் சேர்ந்து தொடங்கினது, தொழிற்சாலை ஓசூர்ல. அந்தக் கம்பெனியில டிட்கோ கையில இன்னிக்கும் சுமார் 28 சதவீதப் பங்கு இருக்கு. 80-கள்ல டைட்டன் வாட்ச் வாங்கினவர் வீட்டுல இப்போ பேட்டரி போன வாட்ச் இருக்கு. டைட்டன் பங்கு வாங்கி விக்காம வெச்சிருந்தவர் வீட்டுக் கதையே வேற. அதுக்காக "அப்பவே ஷேர் வாங்கியிருக்கணும்"னு பாடம் எடுக்க மாட்டேன். எச்எம்டியும் பங்குச் சந்தையில இருக்கிற கம்பெனிதான். எது டைட்டன், எது எச்எம்டின்னு அன்னிக்கு யார் நெத்தியிலயும் எழுதி ஒட்டல. நான் சொல்ல வர்றது, வாட்ச் செய்யுற தொழில்ல பணம் வளர்ந்தது தொழிலோட பங்குல. கையில கட்டின பொருள் தேய்ஞ்சுது.

தேயுறதுன்னா சும்மா சொல்லல. எச்எம்டி ஜனதாவுக்குள்ள இருக்கிற பேலன்ஸ் வீல் மணிக்கு 18,000 தடவை, அதாவது செகண்டுக்கு அஞ்சு தடவை துடிக்குது. எண்ணெய் காய்ஞ்சா இரும்பும் இரும்பும் உரசும். நாலஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை முழுசா பிரிச்சு, கழுவி, எண்ணெய் வெச்சு மாட்டணும். உதாரணத்துக்கு ஒரு சர்வீஸ் ஆயிரம் ரூபாய்னு வெச்சுக்கிட்டாலும் பதினாலு வாட்ச்சுக்குப் பதினாலாயிரம். வருஷத்துக்குப் பிரிச்சா மூவாயிரத்தைத் தொடும். வட்டி, டிவிடெண்ட், வாடகை எதுவும் தராம வருஷா வருஷம் உங்ககிட்ட காசு கேட்கிற சொத்து. நம்ம ஊர் புழுக்கமும் வேர்வையும் இன்னும் மோசம். ஈரம் உள்ள போனா முதல்ல துருப் பிடிக்கிறது சாவித் தண்டுதான். (திருவிசநல்லூர் கோயில் சுவர்ல இருக்கிற சூரியக் கடிகாரத்துக்கு மட்டும்தான் சர்வீஸ் செலவு இல்லை. மழைக்காலத்துல அதுவும் லீவு.)

இதைவிட எனக்குக் கவலை அந்த சர்வீஸைப் பண்றது யார் என்கிறதுல. தஞ்சாவூர்லயோ மயிலாடுதுறையிலயோ கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னாடி, ஒரு கண்ணுல லென்ஸை மாட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கிற வாட்ச் ரிப்பேர்காரரைப் பாருங்க. பெரும்பாலும் அறுபதைத் தாண்டினவரா இருப்பார். நாள் பூரா பேட்டரி மாத்துறதும் ஸ்ட்ராப் போடுறதும்தான் அவருக்கு வேலை. பையன் வேற எங்கயோ வேலைக்குப் போயிட்டான். ஹேர்ஸ்பிரிங்கை நிமிர்த்தத் தெரிஞ்ச கை அவரோட போயிடும். உங்க பதினாலு வாட்ச்சோட மதிப்பு முழுக்க அப்படிப்பட்ட ஒருத்தரோட கண்பார்வையை நம்பி இருக்கு. எந்த எக்செல்லயும் இந்த ரிஸ்க்குக்கு ஒரு காலம் போட்டு நான் பார்த்ததில்லை.

அதனால, அவர் எண்ணூறு கேட்டா "முந்நூறு ரூபாய் வாட்ச்சுக்கு எண்ணூறு சர்வீஸா"ன்னு பேரம் பேசாதீங்க. ரீடயலுக்கு ஆறாயிரம் யோசிக்காம ஜிபே பண்ணிட்டு இவர்கிட்ட நூறு ரூபாய் குறைக்கிறது எனக்குப் பிடிக்கல.

வரி பத்தியும் சொல்லிடறேன், நிறைய பேர் கேட்கிறீங்க. நீங்க கட்டிக்கிற சாதாரண ஸ்டீல் வாட்ச் சொந்த உபயோகப் பொருள். மூலதனச் சொத்துக் கணக்குல வராது, அதனால வித்து லாபம் வந்தாலும் கேப்பிட்டல் கெயின்ஸ் கிடையாது. சந்தோஷப்படாதீங்க, நஷ்டம் வந்தா அதையும் எங்கயும் கழிக்க முடியாது. தங்கக் கேஸ் வாட்ச்னா நகைன்னு எடுத்துக்க வாய்ப்பு இருக்கு, அப்போ கணக்கு மாறும். பதினாலையும் பெட்டியில வெச்சு விலை ஏறட்டும்னு காத்திருந்துட்டு சொந்த உபயோகம்னு வாதாடுறது கஷ்டம். மாசாமாசம் வாங்கி வித்தா அது வியாபாரம், லாபத்தை வியாபார வருமானமா காட்டணும். 2025 ஏப்ரல் 22-லேர்ந்து பத்து லட்சத்துக்கு மேல கைக்கடிகாரம் வாங்கினா கடைக்காரர் ஒரு சதவீதம் டிசிஎஸ் பிடிப்பார், அது உங்க வரியில கழிஞ்சுடும். அந்த ரேஞ்ச்ல வாங்குறவங்க இதைப் படிச்சுக்கிட்டு இருக்க மாட்டாங்கன்னு நினைக்கிறேன்.

இஎம்ஐ பத்தி ஒரே வரி: கார்டு பில்லை முழுசா கட்டாம விட்டா வட்டி மாசம் 3 முதல் 3.75 சதவீதம். எந்தப் பழைய வாட்ச்சும் அந்த வேகத்துல ஏறாது.

என்ன பண்ணலாம்? ஊருக்குப் போறப்போ பாட்டிகிட்ட கேட்டு பீரோவுல இருக்கிற வாட்ச்சை எடுங்க. வாங்குற செலவு பூஜ்யம், அசலா போலியான்னு சந்தேகமும் இல்லை. ரொம்ப நாளா நின்னிருந்தா முதல்ல சாவி கொடுக்காதீங்க, காய்ஞ்ச எண்ணெய்ல ஓட்டினா தேயும். சர்வீஸ் முடிஞ்ச பிறகு தினமும் காலையில ஒரே நேரத்துல சாவி கொடுங்க, இறுகினதும் நிறுத்திடுங்க. லேப்டாப், ஸ்பீக்கர் மேல வைக்காதீங்க, காந்தம் ஏறினா வேகமா ஓடும். ஒரு நாளைக்கு அரை நிமிஷம் முன்னப்பின்ன ஓடுறது சகஜம். வீட்டுல எதுவும் இல்லைன்னா கையில இருக்கிற காசுக்கு ஒண்ணே ஒண்ணு வாங்குங்க. பட்ஜெட்ல அதைச் சினிமா, ஹோட்டல் இருக்கிற வரிசையில எழுதுங்க.

ரிப்பேர்காரர் வாட்ச்சைத் திறக்கும்போது பக்கத்துலயே நில்லுங்க. பின்மூடியோட உள்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்க. பழைய ஆளுங்க சர்வீஸ் பண்ணின தேதியையோ, தங்களுக்கு மட்டும் புரியுற ஒரு குறியையோ அதுல ஊசியால கீறி வைக்கிற பழக்கம் உண்டு. உங்க தாத்தா எத்தனை தடவை இதுக்காகக் காசு செலவழிச்சார்னு அங்க எண்ணிப் பார்த்துக்கலாம்.